கழுத்துல கட்டி, கையில ஒத்த பிளேடு

தாடி சுருட்டையா மொரட்டுத்தனமா வளர்ற ஆளுங்களுக்கு முதல்லயே ஒண்ணு சொல்லிர்றேன். ஷேவ் முடிச்சுட்டு கன்னத்த புறங்கையால தடவிப் பார்த்தா வழுக்கிட்டுப் போகணும்னு ஒரு ஆசை இருக்கு பாருங்க, அத விட்டாத்தான் கழுத்துல வர்ற கட்டி நம்மள விடும். ரேசர் எது, பிளேடு எது, கிரீம் எதுங்கிறதெல்லாம் அதுக்கப்புறம் பேசுற பேச்சு. சேஃப்டி ரேசருக்கு, அதான் ஒத்த பிளேட மாட்டி மழிக்கிற அந்தக் காலத்து ரேசருக்கு, மாறுனதப் பத்தி எழுதுங்கண்ணேன்னு வேலை செய்ற இடத்துல பசங்க கேட்டுட்டே இருந்தாங்க, அதான் எழுதுறேன், ஆனா இத வாங்குங்க எல்லாம் சரியாயிரும்னு விளம்பரக் கணக்கா போகாது, இப்பவே சொல்லிட்டேன்.

நான் இருக்கிறது மண்டபம் பக்கம், வேலை நண்டு கம்பெனியில. நாட்டுப்படகுல வர்ற நீலக்கால் நண்ட அவிச்சு ஆறவச்சு, பொம்பளையாளுக வரிசையா உக்காந்து ஓட்ட ஒடச்சு சதைய எடுத்து, அத ரகம் பிரிச்சு டப்பாவுல அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புற வேலை. நான் ரகம் பிரிக்கிற செக்ஷன்ல செக்கிங். சரக்குல ஒத்த முடி கிடந்தாலும் வம்பு, அதனால தலைக்கு வலைத்தொப்பி, மூக்கு வாய மூடி மாஸ்க், ஆம்பளையாளுன்னா தினமும் க்ளீன் ஷேவ். உள்ள விடுறதுக்கு முன்னாடி நகத்தப் பார்ப்பாங்க, கையில புண்ணு இருக்கான்னு பார்ப்பாங்க, அப்புறம் தாடைய நிமித்தச் சொல்லிப் பார்ப்பாங்க. உள்ள அவிக்கிற இடத்து ஆவி, எப்பப் பார்த்தாலும் ஈரம், கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல வெளிய வந்தா உப்புக்காத்தும் மண்ணும், இது போதாதுன்னு தாடை எலும்ப ஒட்டி மாஸ்க் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் உரசிக்கிட்டே கிடக்கும். காலையில மழிச்ச கழுத்து என்னத்துக்கு ஆகும்.

தாடைக்குக் கீழ, தொண்டை முடிச்சுக்கு ரெண்டு பக்கமும் சிவப்பு சிவப்பா கட்டி வரும், சிலது சீழ் கோத்துக்கும், அமுங்குனதுக்கப்புறம் கறுப்பா கறை நிக்கும். நம்ம ஊரு மாநிறத் தோலுக்கு இந்தக் கறைதான் பெரிய தொல்லை, கட்டி கொஞ்ச நாள்ல போயிரும், கறை மாசக்கணக்குல கிடக்கும். அம்மா சொன்னது, "எல்லாம் உடம்புச் சூடுடா தம்பி, பதநீ குடி, நுங்கு வாங்கித் தின்னு." தின்னேன், நல்லா இருந்துச்சு, கட்டி கேக்கல. பக்கத்து வீட்டு மாமா சொன்னது, உப்புத்தண்ணி மொகத்துல பட்டா அப்படித்தான் ஆகும்னு. அப்படிப் பார்த்தா பாம்பன்ல இருந்து தனுஷ்கோடி வரைக்கும் கடலே கதின்னு கிடக்கிற அம்புட்டுப் பேருக்கும் கழுத்து வீங்கியிருக்கணுமே, இல்லையே. உப்பு, வேர்வை, மாஸ்க் உரசல் எல்லாம் ஏற்கனவே இருக்கிற புண்ண எரிய வைக்கும், கிளப்பி விடும், ஆரம்பிச்சு வைக்கிறது பிளேடும் முடியோட வளைவும்தான்.

சந்தேகமா இருந்தா ஒரு கட்டிய செல்போன் டார்ச் அடிச்சு கண்ணாடிக்குக் கிட்டப் போயிப் பாருங்க. மேடா சிவந்திருக்கிற எடத்துக்கு நடுவுல, தோலுக்கு அடியில, கறுப்பா மெல்லிசா ஒரு கோடு வளைஞ்சு கிடக்கும். அது முடிதான். ஒரு முனை வேர்ல இருக்கு, இன்னொரு முனை வெளிய வர வேண்டியது, வழி தப்பி திரும்பி உள்ளயே குத்திட்டு நிக்குது. உடம்பு அத நம்ம முடின்னு பார்க்காது, வெளியில இருந்து வந்த தூசி துரும்பு கணக்காத்தான் பார்க்கும், அதனால வீங்கி சிவந்து சண்டைக்கு நிக்குது.

ராமநாதபுரத்துல ஒரு தோல் டாக்டரம்மாட்ட காட்டுனப்ப அவங்க பேப்பர்ல படம் போட்டே காமிச்சாங்க. சுருட்டை முடிக்கு வேர்க்குழியே வளைவா இருக்கும். அது ரெண்டு விதமா உள்ள போகும். ஒண்ணு, வெளிய வந்து கொஞ்சம் வளந்து, வளைஞ்சு திரும்ப பக்கத்துத் தோல்ல குத்தி எறங்குறது. இன்னொண்ணு, வெளியவே வராதது, அதாவது தோல் மட்டத்துக்குக் கீழ போயி வெட்டுப்பட்ட முடி, வளரும்போது குழியோட பக்கச் சுவர ஓட்ட போட்டுக்கிட்டு உள்ளயே போறது. ரெண்டுலயும் வில்லன் அந்த வெட்டுப்பட்ட நுனிதான், மழிக்கும்போது முடி சாய்வா அறுபடுறதால நுனி சீமைக்கருவேல முள்ளு மாதிரி கூரா நிக்கும். இதுக்கு டாக்டருங்க வச்சிருக்கிற பேரு சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே. ஆப்பிரிக்க வம்சாவளி ஆம்பளைங்களுக்கு இது ரொம்ப அதிகம், அமெரிக்க ராணுவத்துல இதுக்காகவே ஷேவ் பண்ணாம இருந்துக்கலாம்னு ரொம்ப காலமா டாக்டர் சீட்டு குடுத்துட்டு வந்தாங்க, 2025லதான் அத இறுக்கிட்டாங்க. நமக்கு யாரு சீட்டு குடுப்பா.

இப்ப ரேசருக்கு வருவோம். மூணு பிளேடு, அஞ்சு பிளேடுன்னு அடுக்கி வர்ற கார்ட்ரிட்ஜ் ரேசர் இருக்குல்ல, அதோட பெருமையே தோலுக்கு ரொம்ப ஒட்டி வெட்டுறதுதான். முதல் பிளேடு முடியக் கவ்வி லேசா மேல இழுக்கும், அது உள்ள திரும்பிப் போறதுக்குள்ள அடுத்த பிளேடு வந்து இன்னும் கீழ வெட்டிரும். வெட்டுன பெறகு மிச்ச முடி சர்ர்னு தோலுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கும். 1971ல ஜில்லெட் கம்பெனி ரெட்டை பிளேடு ரேசர் கொண்டு வந்ததுல இருந்து இந்தப் போட்டிதான், எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சு. கோரை முடிக்காரனுக்கு அது சொகம், கண்ணாடி கணக்கா மொகம் வரும். சுருட்டைக்காரனுக்கு அப்படி தோலுக்கடியில விட்டுட்டு வர்ற ஒவ்வொரு முடியும் நாளைக்கு ஒரு கட்டி.

சேஃப்டி ரேசர்ல ஒத்த பிளேடுதான் தோல்ல படும். இழுத்து வெட்டுற ஜோடி கிடையாது. முடிய தோல் மட்டத்துல, இல்ல அதுக்கு ஒரு மயிரிழை மேல வெட்டிட்டு விட்டுரும். அவ்வளவுதான் இதோட ரகசியம், வேற மந்திரம் எதுவும் இல்ல. அதனாலதான் சேஃப்டி ரேசர வச்சுக்கிட்டே எதிர்ப்போக்குல, அதாவது முடி போற பக்கத்துக்கு எதிரா, இழுத்து இழுத்து மழமழன்னு எடுக்கிறவங்களுக்கு கட்டி அப்படியே இருக்கு, காச வீணாக்கிட்டோம்னு பொலம்புவாங்க. டாக்டருங்களும் இதுல எல்லாரும் ஒரே பேச்சு பேசுறதில்ல, மழிக்கிறதுக்கு முன்னாடி பின்னாடி பக்குவம் சரியா இருந்தா பல பிளேடு ரேசரால பாதகம் இல்லன்னு சொல்ற ஆராய்ச்சியும் இருக்கு. என் கழுத்துக்கு ஒத்த பிளேடுதான் ஒத்துக்கிச்சு, அத வச்சுதான் நான் பேசுறேன்.

இன்னொரு விஷயம், சேஃப்டி ரேசர்னு பேரு வச்சது கட்டி வராம இருக்கிறதுக்கு இல்ல. அதுக்கு முன்னாடி வீட்டுல மழிக்கணும்னா மடக்குக் கத்திதான், கை தப்புச்சுன்னா கழுத்துக்கே ஆபத்து, அதுல இருந்து காப்பாத்துறதுக்கு வந்தது. கிங் கேம்ப் ஜில்லெட் 1901ல கம்பெனி ஆரம்பிச்சு 1903ல விக்க ஆரம்பிச்சாரு, அந்த வருஷம் வித்தது 51 ரேசரும் 168 பிளேடும்தான், 1904ல பேட்டன்ட் கெடச்சதும் அப்படியே ஏறிருச்சு. நம்ம தாத்தாமாருக பெட்டியில கிடந்த அந்த பித்தளை ரேசர்தான் இன்னைக்கு ஆன்லைன்ல பள பளன்னு படம் போட்டு விக்கிறான்.

எனக்கு இத அறிமுகப்படுத்துனது கீழக்கரைக்கார கூட்டாளி ஒருத்தன். அவன் தாடி வச்சிருக்கிறவன், கழுத்துப்பக்கமும் கன்னத்து மேல்கோடும் மட்டும் ஒதுக்குவான், அந்த ஒதுக்குற எடத்துல மட்டும் கட்டி வந்துட்டே இருந்துச்சு. அவங்க காக்கா, அதான் அண்ணன், துபாய்ல இருந்து வரும்போது சேஃப்டி ரேசர் ரெண்டு கொண்டாந்தாரு, ஒண்ண இவன் எனக்குத் தள்ளிவிட்டுட்டான். "மச்சான், கையில வெயிட்டா இருக்கேன்னு நீயும் சேந்து அமுக்கிராத, அதோட வெயிட்டே போதும், சும்மா புடிச்சுக்க" அப்படின்னான். இத விட நல்லா எந்த வீடியோவும் சொல்லித் தரல.

பழக்கம் வர்றதுக்கு முன்னாடி முடி எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியணும். ரெண்டு நாள் தாடிய விட்டுட்டு விரல் நுனியால தடவிப் பாருங்க, எந்தப் பக்கம் தடவும்போது சொரசொரன்னு தடுக்குதோ அது எதிர்ப்போக்கு. கன்னத்துல எல்லாருக்கும் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் போகும். கழுத்துலதான் கூத்து. எனக்கு வலது கழுத்துல கீழ இருந்து மேல போகுது, இடது பக்கம் காதப் பார்த்துச் சாஞ்சு போகுது, தொண்டை முடிச்சுக்குக் கீழ ஒரு சுழியே இருக்கு. எல்லாரும் கழுத்த மேல இருந்து கீழ வழிக்கிறாங்க, சலூன்ல அண்ணாந்து பார்க்க வச்சு கீழ இருந்து மேல எடுக்கிறாங்க, யாரும் சுழியப் பார்க்கிறதில்ல. நான் வலது பக்கம் மேல்நோக்கி, இடது பக்கம் காத நோக்கி, சுழிய மட்டும் சின்னச் சின்ன இழுப்பா எடுக்கிறேன். பாதிப் பிரச்சினை இந்த மேப் தெரிஞ்சதுலயே தீந்துச்சு.

மழிக்கிறது குளிச்ச பெறகு. தண்ணியில ரெண்டு மூணு நிமிஷம் ஊறுன முடி எளக்கமா இருக்கும், பிளேடுக்கு சண்டை கம்மி. அப்புறம் பிரஷ்ல நுரை கட்டி வட்டமா தேய்ச்சா படிஞ்சு கிடக்கிற முடி எந்திரிச்சு நிக்கும். ரேசர் தலைய கன்னத்துல படுக்க வச்சு, கைப்பிடிய மெதுவா எறக்கிக்கிட்டே வந்தா ஒரு எடத்துல பிளேடு முடியத் தொடும், சுமார் 30 டிகிரி சாய்வு, அங்க நிறுத்திக்கணும். அப்ப ஒரு சத்தம் வரும், சரக் சரக்னு மணல்ல காகிதம் இழுத்த சத்தம், காதுக்கு நல்லா கேக்கும். அந்தச் சத்தம் நின்னா அந்த எடத்துல வேலை முடிஞ்சுச்சு, திரும்ப இழுக்காதீங்க. ஒரு இஞ்சு இழுப்பு, அலசு, அடுத்த இழுப்பு. கையால தோல இழுத்துப் பிடிச்சு மழிக்கிற பழக்கம் இருந்தா விட்டுருங்க, இழுத்துப் பிடிச்சு வெட்டுனா தோல் திரும்பும்போது முடி உள்ள போயிரும், கார்ட்ரிட்ஜ் பண்ற அதே வேலைய நம்மளே பண்ணுன கணக்கு. போக்குல ஒரு தடவ, கல்யாணம் காட்சின்னா நுரை போட்டு குறுக்கால இன்னொரு தடவ. எதிர்ப்போக்கு கிடையவே கிடையாது. முடிச்சதும் தடவுனா லேசா நெரநெரன்னு இருக்கும், இருக்கட்டும். கேட்ல பார்க்கிறவங்க கண்ணால பார்க்கிறாங்க, தடவியா பார்க்கிறாங்க.

தண்ணி விஷயத்த எழுதாம விட்டா நம்ம ஜில்லாக்காரன் படிச்சு என்ன பிரயோஜனம். எங்க தெருவுல போர் தண்ணி சப்புன்னு உப்பு, அதுல சோப்பு போட்டா நுரை வராது, வெள்ளையா திரிதிரியா ஒரு அழுக்குதான் வரும். அந்தத் தண்ணியில இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து திரிஞ்சு போறதுதான் அது. அந்தத் திரிசல மொகத்துல பூசிக்கிட்டு பிளேட இழுத்தா வழுக்கல் எங்க இருந்து வரும், தோல்தான் உரியும். அதனால ஷேவிங்குக்கு மட்டும் காவேரித் தண்ணியில ஒரு சொம்பு எடுத்து வச்சிருவேன், இல்லன்னா மணல்ல தோண்டுன ஊத்துத்தண்ணி, அது எங்க பக்கம் நல்லாவே தித்திப்பா கெடைக்கும். குடிக்கிற தண்ணிய எடுத்து மொகத்துக்கு ஊத்துறியான்னு அம்மா சத்தம் போடும், ஒரு சொம்புதாம்மான்னு சமாளிக்கிறது. தேங்காண்ணெ சோப்பு மட்டும் உப்புத்தண்ணியிலயும் ஓரளவு நுரைக்கும், கப்பல்காரங்களுக்கு அந்தக் காலத்துல அதுலதான் சோப்பு செஞ்சாங்க, அவசரத்துக்கு ஆகும்.

உப்புக்காத்து மொகத்த விட ரேசரத்தான் அதிகமா தின்னும். நான் முதல்ல சொன்ன துபாய் ரேசர் துத்தநாகக் கலவையில வார்த்து மேல குரோம் முலாம் பூசுனது. விலை கம்மியா வர்ற சேஃப்டி ரேசர் பெரும்பாலும் அதுதான். முலாம் ஒரு எடத்துல கீறிருச்சுன்னா நம்ம காத்துல உள்ள பொரிஞ்சு பொரிஞ்சு புள்ளி விழுந்துரும், அப்புறம் மரை கழண்டு பிளேட ஒழுங்கா பிடிக்காது. பிளேடு ஆடுச்சுன்னா மொகத்துல கோடு கோடா கிழிக்கும். கடலோரத்துல இருக்கிறவங்க ஒரு தடவ செலவு பண்ணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயோ பித்தளையிலயோ வாங்கிருங்க. எதுவா இருந்தாலும் மழிச்சதும் கழட்டி நல்ல தண்ணியில அலசி, உதறி, பாத்ரூம்ல வைக்காம காத்தோட்டமான எடத்துல வைங்க. பிளேட துணியால தொடைக்காதீங்க, கையும் போகும் கூரும் போகும். பிளேடு விலைய நெனச்சு இழுத்தடிக்கவும் வேணாம், ஒரு பிளேடு ஒரு டீ விலை கூட இல்ல, நாலஞ்சு ஷேவுக்கு மேல நான் வச்சுக்கிறதில்ல, முடிய வெட்டாம பிடுங்குற உணர்வு வந்துச்சுன்னா அதுக்கு முன்னாடியே மாத்திருவேன்.

இதெல்லாம் பொறுமை இல்லப்பான்னா ஒத்த பிளேடு கார்ட்ரிட்ஜே இருக்கு, ஜில்லெட் கார்டுன்னு 2010ல இந்தியாவுக்குன்னே விட்டான், பெட்டிக்கடையில கூட தொங்கும். அதுலயும் போக்குல எடுத்தா போதும். அதுவும் வேணாம்னா ட்ரிம்மர், முடிய ஒரு மில்லிமீட்டர் விட்டுட்டு எடுத்தா கட்டி வர வழியே கம்மி, உண்மையச் சொன்னா அதுதான் எல்லாத்தையும் விட நல்ல வைத்தியம், எங்க கம்பெனி மாதிரி எடத்துல செல்லாதுங்கிறதுதான் சிக்கல். ஐயப்பனுக்கு மாலை போட்டு கழட்டுற பசங்க மண்டலக் கணக்குல வளந்த தாடிய நேரா ரேசர வச்சு ஒரே அடியா எடுக்கிறாங்க, அடுத்த வாரம் கழுத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. முதல்ல ட்ரிம்மர்ல ஒட்ட வெட்டிட்டு அப்புறம் மழிங்கப்பா.

சலூனுக்குப் போறவங்களுக்கு. புது பிளேட கண்ணு முன்னாடி பிரிச்சு ஒடச்சு பாதிய கத்தியில மாட்டுறாங்களான்னு பாருங்க, அது கட்டிக்காக இல்ல, மஞ்சக்காமாலை பி, சி எல்லாம் ரத்தத்துல பரவுற நோய், அதுக்காக. அப்புறம் ரிவர்ஸ் வேணாம்னு உக்காரும்போதே சொல்லிருங்க. எங்க ஊரு சலூன் அண்ணேன்ட்ட நான் சொன்னப்ப அவரு மொகமே மாறிருச்சு. "ரிவர்ஸ் எடுக்கலன்னா என்ன தம்பி ஷேவு, நாளைக்கு வேற கடையில போயி இவன் சரியா மழிக்கலன்னு சொல்லுவீங்க" அப்படின்னாரு. அவரு சொல்றதும் நியாயம்தான், வர்றவன் அத்தன பேரும் தடவிப் பார்த்துத்தான் காசு குடுக்கிறான். இப்ப என்னைப் பார்த்தா "நம்ம நெரநெர தம்பி வந்துட்டாப்ல"ன்னு சிரிக்கிறாரு, ஆனா கழுத்து சுழிய எனக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு வச்சிருந்தவரு அவருதான், கேட்டா சொல்லியிருப்பாரு.

ஏற்கனவே கட்டி நெறைய இருந்துச்சுன்னா எந்த ரேசரும் தொடாதீங்க. மூணு நாலு வாரம் விட்டுட்டா முடி ஒரு சென்டிமீட்டர் வாக்குல வளரும், உள்ள மாட்டுனது நீளம் கூடுனதும் தானா நிமிந்து வெளிய வந்துரும். நான் லீவு போட்டு ஊருக்குள்ளயே கிடந்தேன். வெளிய எட்டிப் பார்க்கிற முடிய வேணா சுத்தமான ஊசி நுனியால லேசா தூக்கி விடலாம், பிடுங்கக் கூடாது, பிடுங்குனா திரும்ப மொளைக்கும்போது அதே கதை. கூட வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன் சேஃப்டி பின்ன வச்சு நோண்டி நோண்டி ஒரு எடத்துல தழும்பு தடிச்சுப் போயி மேடாவே நின்னுருச்சு. அந்த மாதிரி தடிப்பு வளந்துக்கிட்டே போனாலோ, சீழ் பரவி காய்ச்சல் அடிச்சாலோ, வட்ட வட்டமா அரிப்போட பரவுனாலோ நேரா டாக்டருட்ட போங்க, எல்லா கட்டியும் பிளேடு கட்டி கிடையாது, படர்தாமரை தாடியிலயும் வரும்.

மெடிக்கல்ல போயி "மொகத்துக்கு ஒரு கிரீம் குடுங்க"ன்னு கேக்காதீங்க, இத மட்டும் கெஞ்சிக் கேக்கிறேன். கலப்புக் கிரீம் பலதுல வீரியமான ஸ்டீராய்டு இருக்கும், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும். பூசுன நாலாம் நாள் கட்டி அமுங்கி மொகம் பளிச்சுன்னு ஆகும், அதுலயே மயங்கி மாசக்கணக்குல பூசுவாங்க, அப்புறம் தோல் மெலிஞ்சு, வெயில் பட்டா செவந்து எரிஞ்சு, நிறுத்துனா முன்ன விட மோசமா பொங்கும். எனக்கு அந்த டாக்டரம்மா குடுத்தது ராத்திரிக்கு அடாபலீன் ஜெல், கட்டி சீழ் வச்ச எடத்துக்கு பென்சாயில் பெராக்சைடு, பகல்ல வெயிலுக்கு சன்ஸ்கிரீன், கறை மங்குறதுக்கு அதுதான் முக்கியம்னாங்க. உங்களுக்கு வேற குடுப்பாங்க, என்னுத காப்பி அடிக்காதீங்க. மழிச்ச பெறகு படிகாரக் கல்ல ஈரத்துல ஒரு தேய் தேய்க்கிறது எனக்குப் பிடிக்கும், எங்க எரியுதோ அங்க அமுக்கி இழுத்திருக்கோம்னு காட்டிக் குடுத்துரும்.

சதை எடுக்கிற செக்ஷன்ல ஒரு அக்கா கூச்சப்பட்டுக்கிட்டே கேட்டாங்க, தம்பி இது மொகத்துக்கு மட்டுந்தானான்னு. அக்குள்லயும் கால்லயும் மழிக்கிற பொம்பளையாளுகளுக்கும் இதே கட்டிதான் வருது, ஊற வைக்கிறது, போக்குல எடுக்கிறது, அமுக்காம இருக்கிறது எல்லாம் அங்கயும் அப்படியேதான், அக்குள்ல மட்டும் முடி நாலா பக்கமும் போகும், ட்ரிம்மர் சுலபம்.

தேஞ்ச பிளேட குப்பைக் கவர்ல போடாதீங்க. குப்பை அள்ளுற அக்காமாருக வெறுங்கையால பிரிக்கிறாங்க. நான் பவுடர் டப்பா மூடியில கத்தியால ஒரு கீறல் போட்டு அதுக்குள்ள தள்ளிவிட்டுட்டு இருக்கேன், நெறைய வருஷத்துக்கு நெறையாது, நெறஞ்சதும் டேப் சுத்தி பழைய இரும்புக் கடைக்காரருட்ட சொல்லிக் குடுத்துரலாம்.

கம்பெனியில இப்ப ஒரு மனு குடுத்திருக்கோம். தாடிக்குன்னே வலைக்கவர் இருக்கு, காதுல மாட்டிக்கிறது, உணவு பேக்டரிகள்ல போடுறதுதான். அத வாங்கிக் குடுத்தா வாரத்துல ரெண்டு நாள் மழிக்காம வரலாம்ல. மேனேஜர் சரக்கு வாங்குறவங்கள்ட்ட கேட்டுச் சொல்றேன்னிருக்காரு, சரின்னுட்டா கூட்டாளிக்கு போன் போட்டுச் சொல்லணும், அவன் தாடிய எடுக்க மாட்டேன்னுதான் எங்க கம்பெனிக்கு வேலைக்கே வரல.